பார்வை போன பிறகும் வண்ண இலைகளை எழுதியவர்: குரோட்டன்ஸுக்குப் பின்னால் இருக்கும் ரம்பியஸ் யார்?

கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிப் போனால் சாலையோர நர்சரிகளில் முதலில் கண்ணை இழுப்பது பூச்செடி இல்லை, இலைச்செடி. மஞ்சள் தெறித்த இலை, ரத்தச் சிவப்பு இலை, நாடா மாதிரி முறுக்கிய இலை. ரிசார்ட் வாசல், செங்கல்பட்டு வீட்டு காம்பவுண்ட், பள்ளிக்கூட நடைபாதை என எங்கே வைத்தாலும் இதற்கெல்லாம் நம்மிடம் இருக்கும் பெயர் ஒன்றுதான்: குரோட்டன்ஸ்.

இந்தச் செடியை 17-ம் நூற்றாண்டிலேயே விரிவாக எழுதி வைத்தவர் கியார்க் எபர்ஹார்ட் ரம்பியஸ். அவர் எடுத்தாண்ட பெயர்தான் இன்றும் அறிவியலில் நிற்கிறது. ஜெர்மனியில் பிறந்து, டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்து, இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் மறைந்தவர். நம்ம ஊருக்கு அவர் வந்ததில்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனி இங்கே வந்திருக்கிறது. கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் நிற்கும் கோட்டை அவர்களுடையதுதான்.

இன்னொரு விஷயம். இலைகளின் நிறங்களைப் பக்கம் பக்கமாக எழுதிய இந்த மனிதருக்கு, வாழ்க்கையின் கடைசி 32 ஆண்டுகள் பார்வையே கிடையாது.

முதலில் ஒரு குழப்பம்: நம்ம குரோட்டன்ஸ், குரோட்டனே இல்லையா?

ஆமாம், இல்லை. தாவரவியலில் 'குரோட்டன்' என்பது வேறு செடிக் கூட்டம். சித்த மருத்துவத்தில் கடும் பேதி மருந்தாகச் சொல்லப்படும் நேர்வாளம்தான் உண்மையான குரோட்டன்களில் ஒன்று. குரோட்டன் என்றால் கிரேக்க மொழியில் உண்ணி. அந்த விதைகள் உண்ணி மாதிரி இருப்பதால் வந்த பெயர்.

நாம் தொட்டியில் வைக்கும் வண்ண இலைச் செடியின் சரியான பெயர் 'கோடியம் வேரிகேட்டம்'. ஆமணக்கும் மரவள்ளியும் இருக்கிற அதே பெரிய குடும்பம்தான். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் இதைக் குரோட்டன் கூட்டத்தில் சேர்த்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. 1824-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அட்ரியன் தெ ஜூஸ்யூ இதைத் தனியாகப் பிரித்தார். அப்போது அவர் புதுப்பெயர் எதுவும் யோசிக்கவில்லை. ரம்பியஸ் எழுதிவைத்த 'கோடியம்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெயரும் ரம்பியஸின் கற்பனை கிடையாது. மலுக்குத் தீவுகளில் ஒன்றான டெர்னாத்தே மக்கள் இந்தச் செடியை 'கொடிஹோ' என்றார்கள். அதைத்தான் அவர் லத்தீன் சாயலில் மாற்றினார்.

யார் இந்த ரம்பியஸ்?

பிறந்தது 1627-ல், ஜெர்மனியின் வோல்ஃபர்ஸ்ஹைம் என்ற ஊரில். இயற்பெயர் ரம்ஃப். அப்பா கட்டுமானப் பொறியாளர். ஐரோப்பாவையே சிதைத்த முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படிப்பு ஹனாவ் நகரத்துப் பள்ளியில். லத்தீன் நன்றாக வந்தது.

18 வயதில் வெனிஸுக்குப் போய் வேலை பார்க்கலாம் என்று நம்பி ஒரு படையில் சேர்ந்தார். ஏற்றிய கப்பலோ பிரேசிலுக்குக் கிளம்பியது. அங்கேயும் போய்ச் சேரவில்லை. போர்ச்சுகலில் சில ஆண்டுகள் மாட்டிக்கொண்டு, பிறகு ஊர் திரும்பினார். வெளிநாட்டு வேலை என்று நம்பவைத்து வேறெங்கோ ஏற்றி அனுப்பும் கதை 17-ம் நூற்றாண்டிலும் உண்டு.

1652 டிசம்பர் கடைசியில் மறுபடி கப்பல் ஏறினார். இந்த முறை டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் படைவீரராக. 1653-ல் படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. 1654-ல் அம்போன். அதற்குப் பிறகு அவர் ஐரோப்பா திரும்பவே இல்லை.

அம்போனுக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம்?

அம்போன் இருக்கும் மலுக்குத் தீவுகளின் கிராம்பு, ஜாதிக்காய் வியாபாரம் முழுக்கத் தன் கையில் இருக்க வேண்டும் என்பது டச்சுக் கம்பெனியின் திட்டம். ஆனால் அந்தத் தீவுகளில் ஐரோப்பியப் பொருள்களுக்குப் பெரிய தேவை இல்லை. அவர்கள் கேட்டது துணி. அதுவும் நம்ம சோழமண்டலக் கரையில் நெய்த துணி.

அதனால்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். சதுரங்கப்பட்டினத்திலும் வந்து உட்கார்ந்தார்கள். இங்கே நெய்த மெல்லிய மஸ்லின் துணி பெயர்பெற்றது. இந்தக் கரையில் துணி வாங்கு, அந்தத் தீவில் கொடுத்துக் கிராம்பு வாங்கு, ஐரோப்பாவில் விற்று லாபம் பார் என்பதுதான் கணக்கு.

இந்த வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாக டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். அம்போன் பக்கம் கிராம்பின் விலை விழக்கூடாது என்பதற்காகக் கம்பெனியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த கிராம்பு மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. எதிர்த்த ஊர்கள் மீது படை போனது. ரம்பியஸ் படைவீரராக வந்து இறங்கியது அந்தச் சண்டைகளின் நடுவேதான். அவர் செடிகளை நேசித்தவர் என்பது உண்மை. அவருக்குச் சோறு போட்டது எது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படைவீரர் எப்படி தாவரவியலாளர் ஆனார்?

ராணுவ வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1657-ல் வியாபாரப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். அம்போன் தீவின் வடபகுதியான ஹிட்டுவில் கம்பெனி அதிகாரி ஆனார். பகலில் கணக்கு, சரக்கு. மிச்ச நேரமெல்லாம் செடி, சிப்பி, கல்.

உள்ளூர்க்காரர்கள் எந்த இலையைச் சமைக்கிறார்கள், எதைக் காயத்துக்குக் கட்டுகிறார்கள், எதை வேலியில் வைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மலாய் மொழியிலும் தீவு மொழிகளிலும் பெயர்களைச் சேர்த்தார். அவருடைய மனைவி சூசன்னாதான் செடி தேடுவதில் அவருக்கு முதல் துணை. பிற்காலத்தில் ஒரு வெள்ளை ஆர்க்கிட் பூவுக்கு ரம்பியஸ் அவர் பெயரையே வைத்தார். இன்றும் அந்த ஆர்க்கிட்டின் அறிவியல் பெயரில் சூசன்னா இருக்கிறார்.

1670: பார்வை போகிறது

புத்தகத்தை லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தபோதே கண் மங்கத் தொடங்கியது. 1670-ல் முழுவதும் போய்விட்டது. அப்போது வயது 43-ஐ எட்டவில்லை. கண்நீர் அழுத்த நோயாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து.

கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர் அம்போன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். ஆய்வைத் தொடர அனுமதியும் கிடைத்தது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல எழுத வந்தவர்களுக்கு லத்தீன் தெரியாது. அதனால் எழுதியதை ஓரம் வைத்துவிட்டு, டச்சு மொழியில் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

1674: பூகம்பம், பேரலை

2004 டிசம்பர் 26-ஐ மாமல்லபுரமும் கல்பாக்கமும் மறக்க முடியாது. அம்போனுக்கு அப்படி ஒரு நாள் 1674 பிப்ரவரி 17.

அன்று மாலை ஊரில் சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம். திடீரென நிலம் குலுங்கியது. கட்டடங்கள் சரிந்தன. இடிந்து விழுந்த சுவர் ஒன்று ரம்பியஸின் மனைவி சூசன்னாவையும் மகளையும் கொன்றது. ஹிட்டுவின் வடகரையில் கடல் எழுந்து ஊர்களையே துடைத்தெடுத்தது. சில இடங்களில் அலை சுமார் 100 மீட்டர் உயரம் வரை ஏறியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நிலைமையிலும் ரம்பியஸ் ஒரு வேலை செய்தார். எந்த ஊரில் எவ்வளவு அழிவு, தண்ணீர் எப்படி வந்தது என்று திரட்டி எழுதினார். இந்தோனேசியாவில் நடந்த சுனாமி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான பதிவு அது. சுனாமி ஆய்வாளர்கள் இன்றும் அதை எடுத்துப் படிக்கிறார்கள்.

1687, 1692: தீயும் கடலும்

அடுத்த அடி 1687 ஜனவரியில். அம்போனில் பெரிய தீ. ரம்பியஸின் நூலகம், குறிப்புகள், பல ஆண்டு உழைப்பில் சேர்ந்த செடி ஓவியங்கள் எல்லாம் எரிந்துபோயின. பார்வை இருந்த காலத்தில் அவரே கண்ணால் பார்த்துச் சரிசெய்த படங்கள். இனி எத்தனை பேர் வரைந்து கொடுத்தாலும் அவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ஆனாலும் விடவில்லை. மகன் பால் அகஸ்ட்டும் வேறு சில ஓவியர்களும் மறுபடி வரைந்தார்கள். கம்பெனியும் உதவிக்கு ஆள் கொடுத்தது. புத்தகத்தின் முதல் பாதி தயாராகி படேவியா வழியாக நெதர்லாந்துக்குக் கப்பல் ஏறியது. 1692-ல் அந்தக் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தார்கள். கையெழுத்துப் பிரதி கடலுக்குள் போனது.

காப்பாற்றியது ஒரே ஒரு முன்யோசனை. படேவியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த யோகன்னஸ் காம்பெய்ஸ் செடி ஆர்வலர். அனுப்பும் முன்பே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார். இன்றைய பாஷையில், 'பேக்கப்' இருந்தது.

புத்தகத்தைப் பூட்டி வைத்தது யார்?

1696-ல் புத்தகம் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தது. இப்போதாவது அச்சாகுமா? இல்லை. அதில் இருக்கும் தகவல்கள் போட்டியாளர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்று கம்பெனியே வெளியிடத் தடை போட்டது.

1702 ஜூன் 15 அன்று ரம்பியஸ் அம்போனில் இறந்தார். அதுவரை அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை. சிப்பிகளையும் கனிமங்களையும் பற்றிய அவருடைய இன்னொரு நூல் 1705-ல் வந்தது. செடிகள் பற்றிய பெரிய நூலான 'ஹெர்பேரியம் அம்போயினென்சே' 1741 முதல் 1750 வரை ஆறு பெரிய தொகுதிகளாக வந்தது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யோகன்னஸ் பர்மன் டச்சு மூலத்தோடு லத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்துப் பதிப்பித்தார். சுமார் 1,200 செடிகள், 700-ஐ ஒட்டிய படங்கள். ஆசிரியர் இறந்து 39 ஆண்டுகள் கழித்து முதல் தொகுதி.

வண்ண இலைகளைப் பற்றி என்ன எழுதினார்?

இன்றைய நர்சரிகளின் இலைச்செடி வரிசையில் பாதி அவருடைய புத்தகத்தில் இருக்கிறது.

முதலில் கோடியம், அதாவது நம்ம குரோட்டன்ஸ். அதில் ஒரே வகை இல்லை, பல உண்டு என்று கவனித்தார். பொன் புள்ளி இலை, நாடா போல நீண்ட இலை எனப் பிரித்து எழுதினார்.

அடுத்தது நாம் கார்டிலைன் என்றோ டிரசீனா என்றோ சொல்லி வாங்கும் சிவப்பு இலைச் செடி. அந்த ஊர்களில் நிலத்தின் எல்லையைக் காட்ட இதை நடுவார்கள். அதனால் ரம்பியஸ் வைத்த பெயர் 'டெர்மினாலிஸ்', எல்லைச் செடி. பல ஆண்டுகள் அறிவியல் பெயரிலும் அது இருந்தது. நம்ம ஊரில் எல்லைக்கல் செய்கிற வேலையை அங்கே ஒரு செடி செய்தது.

கோலியஸும் உண்டு. அங்கே அதற்கு மியானா என்று பெயர். நம்ம கற்பூரவள்ளியும் கோலியஸ் கூட்டம்தான். அதன் அறிவியல் பெயர் கோலியஸ் அம்போயினிகஸ். பெயரிலேயே அம்போன் இருக்கிறது. சளிக்குக் கஷாயம் போடும்போது இனி ஞாபகம் வரலாம்.

நிறத்தை எழுத ஒருவருக்குக் கண் வேண்டும். 1670 வரை பார்த்தவை அவர் நினைவில் இருந்தன. அதற்குப் பிறகு இலையின் விளிம்பு, மேடு பள்ளம், வாசனை எல்லாம் கையிலும் மூக்கிலும். நிறம் மட்டும் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் செடிகள் உலகம் சுற்றியது எப்படி?

புத்தகம் வந்தும் செடி உடனே போகவில்லை. மாதக்கணக்கான கடல் பயணத்தில் உப்புக் காற்று பட்டுப் பெரும்பாலான செடிகள் செத்துவிடும். 19-ம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் நதானியல் வார்டு மூடிய கண்ணாடிப் பெட்டியில் செடி பிழைக்கும் என்று கண்டுபிடித்தார். அதன்பின் கதை மாறியது. 1860-களில் ஜான் கூல்ட் வீட்ச் என்ற பிரிட்டிஷ் நர்சரிக் குடும்பத்துக்காரர் பசிபிக் தீவுகளிலிருந்து வண்ண இலைச் செடிகளைக் கொண்டுபோனார். இங்கிலாந்தில் இலைச்செடி மோகம் பிடித்தது. ஒட்டுச்சேர்க்கையில் புதுப்புது ரகங்கள் வந்தன. அங்கிருந்து வெப்பநாட்டுப் பங்களாத் தோட்டங்களுக்கு. இன்று நம்ம வாசல் வரை.

நம்ம கடற்கரையில் இவற்றை வளர்க்க என்ன கவனிக்கணும்?

செடியின் சொந்த ஊரைத் தெரிந்துகொண்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். அம்போன் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் மழைத்தீவு. நம்ம கடற்கரையோ மணல் தரை, உப்புக் காற்று, மே மாத அனல். மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான்.

வெளிச்சம்: இலையின் பச்சை குளோரோபில், மஞ்சள் கரோட்டினாய்டு, சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின். குரோட்டன்ஸில் வெளிச்சம் நன்றாகப் பட்டால்தான் சிவப்பு ஏறும். ஹாலின் இருட்டு மூலையில் வைத்த செடி மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். அதற்காக மே மாத மதிய வெயிலில் நேரடியாக விட்டால் இலை கருகும். காலை வெயிலும் மதியம் நிழலும் சரியான இடம்.

காற்று: கடலைப் பார்த்த முதல் வரிசையில் வைக்க வேண்டாம். உப்புத் துளி இலையில் படிந்து ஓரம் காயும். சுவருக்கோ உயரமான வேலிக்கோ பின்னால் வைக்கலாம்.

தண்ணீர்: கரையோர போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி காயத் தொடங்கும். மழைநீர் கிடைக்கும் மாதங்களில் அதை நன்றாக ஊற்றி மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம்.

மண்: வெறும் மணலில் ஈரம் நிற்காது. செம்மண், மட்கிய தொழு உரம், கொஞ்சம் தென்னை நார்க் கழிவு சேர்த்துக் கலந்தால் போதும்.

கன்று எடுப்பது: விதை போட்டால் தாய்ச்செடியின் நிறம் வரும் என்று உறுதி இல்லை. அதனால்தான் குச்சி நட்டோ, விண்பதியம் போட்டோ எடுக்கிறார்கள். ஒரு சாண் நீளக் குச்சியை வெட்டி, பால் வடிவதைக் கழுவிவிட்டு, மழைக்கால ஈரத்தில் நடலாம். அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். குழந்தைகளும் நாயும் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் போனால்: வண்ணச் செடியில் திடீரென ஒரு கிளை முழுப் பச்சையாக வரும். பச்சையம் அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும். அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிடுங்கள். கோலியஸில் பூக்கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை தொடர்ந்து வரும்.

புதிதாக வாங்கிய குரோட்டன்ஸ் இலை கொட்டினால் பயப்பட வேண்டாம். இடம் மாறிய அதிர்ச்சிதான். ஒரே இடத்தில் விட்டால் துளிர்க்கும்.

இதில் பெருமை யாருக்கு?

ரம்பியஸின் கல்லறையும் நிம்மதியாக இருக்கவில்லை. ஆங்கிலேயர் அம்போனைப் பிடித்திருந்த காலத்தில் புதையல் தேடி உடைக்கப்பட்டது. 1824-ல் எழுப்பிய நினைவுச்சின்னம் இரண்டாம் உலகப்போரில் அழிந்து, பின்னர் மறுபடி கட்டப்பட்டது. அவர் எழுதிய செடிகள் எவை என்று சரிபார்க்க அம்போன் போன தாவரவியலாளர் சார்லஸ் பட் ராபின்சன் 1913-ல் அங்கேயே கொல்லப்பட்டார். அந்த ஆய்வை எல்மர் மெரில் முடித்து 1917-ல் மணிலாவில் வெளியிட்டார். முழு நூலும் ஆங்கிலத்தில் வர 2011 வரை ஆனது.

இவ்வளவு இழப்புக்கும் இடையில் ரம்பியஸ் செய்த ஒரு காரியம் முக்கியமானது. ஒரு செடிக்குத் தன் பெயரையோ தனக்குச் சம்பளம் கொடுத்த முதலாளியின் பெயரையோ அவர் வைத்திருக்கலாம். தீவு மக்கள் சொன்ன பெயரை எழுதினார். அந்த இலைகளைச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய சொல் மட்டும், தீயிலும் கடலிலும் கம்பெனியின் அலமாரியிலும் தப்பி வந்துவிட்டது.

சதுரங்கப்பட்டினம் கோட்டை மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர். செங்கல் சுவர்களும் உள்ளே செதுக்கிய டச்சுக் கல்லறைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில் நர்சரியில் 'குரோட்டன்ஸ்' என்றே கேளுங்கள், அப்படிக் கேட்டால்தான் கிடைக்கும். வீட்டுக்கு வந்து தொட்டியில் பெயர் எழுதி ஒட்டும்போது மட்டும் 'கொடிஹோ' என்று எழுதலாம்.